கலப்பினக் கறவை மாடுகளைத் தாக்கும் ரத்த ஒட்டுண்ணி நோய்களுக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் கோரும் மனு

அனுப்புநர்:
கலப்பினக் கறவை மாடு வளர்ப்போர்,
காங்கேயம் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை,
சென்னை.

பொருள்: உண்ணிகளால் பரவும் தைலேரியா, பபேசியா, அனபிளாஸ்மா நோய்களுக்குக் கால்நடை மருந்தக அளவிலேயே ரத்தப் பரிசோதனை செய்யவும், கலப்பினக் கன்றுகளுக்குத் தைலேரியா தடுப்பூசி போடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் காங்கேயம் மாடுகளை மேய்த்துப் பழகிய எங்கள் பகுதியில், இன்று பெரும்பாலான குடும்பங்களின் அன்றாட வருமானம் கட்டுத்தரையில் நிற்கும் ஓரிரு ஜெர்சி கலப்பின மாடுகளின் பாலை நம்பியே இருக்கிறது. வெயில் ஏறும் மாதங்களிலும் மழை விட்ட பின்னரும் உண்ணி பெருகும்போது, இந்த மாடுகள் உண்ணிக் காய்ச்சலில் விழுவதும், நோய் இன்னதென்று தெரிவதற்குள் சில இறந்துபோவதும் தொடர்ந்து நடப்பதால் இம்மனுவைத் தங்களிடம் அளிக்கிறோம்.

நேற்று வரை நன்றாகக் கறந்த மாடு இன்று தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கும், அசை போடாது, காய்ச்சல் 105 டிகிரியைத் தொடும். தைலேரியாவாக இருந்தால் தோள்பட்டைக்கு முன்புறம் எலுமிச்சம்பழ அளவுக்கு நெறி கட்டியிருப்பது கைக்குத் தட்டுப்படும். நாள் செல்லச் செல்லக் கண்ணின் உள்தோல் வெளுத்து, பிறகு மஞ்சள் பாய்ந்துவிடும். பபேசியாவில் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். ஆனால் முதல் நாளில் எல்லாமே வெறும் காய்ச்சலாகத்தான் தெரியும். தைலேரியாவுக்கு பூபர்வகுவோன், பபேசியாவுக்கு டிமினாசின், பாக்டீரியாவான அனபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என மருந்துகள் வெவ்வேறாக இருக்கையில், ரத்தத்தைப் பார்க்காமல் போடும் ஊசி பலிப்பதும் பலிக்காததும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. காது நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். எங்கள் மாடுகளுக்கு அந்த வசதி தொலைவில் இருக்கிறது. மாதிரி போய்ச் சேர்ந்து முடிவு வருவதற்குள் மருந்து வேலை செய்யக்கூடிய காலம் கடந்துவிடுகிறது. இரவு பகல் பாராமல் வந்து பார்க்கும் மருத்துவர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இந்நோய்களில் மாட்டின் எதிர்ப்பாற்றல் எப்படிச் செயல்படுகிறது என்பதைப் பொறுத்தே எங்கள் கோரிக்கை அமைந்திருப்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். உண்ணியின் எச்சில் வழியே உடலுக்குள் புகும் தைலேரியா அனுலேட்டா, நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களுக்குள்ளேயே குடியேறி, அவற்றைக் கட்டுப்பாடின்றிப் பிரிந்து பெருகச் செய்கிறது. ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்கள் அணுவுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை எட்ட முடியாது. தொற்றிய அணுவையே இனங்கண்டு அழிக்கும் டி-செல்கள் உருவானால்தான் மாடு பிழைக்கும். அவை போதிய அளவில் உருவாகும் முன்பே நோய் முற்றிவிடுவதுதான் கலப்பின மாடுகளில் நாங்கள் காணும் இழப்பு. சாகிவால் போன்ற நாட்டினங்கள் இதே தொற்றை வெளிநாட்டினமான ஹோல்ஸ்டீன் மாடுகளைவிட நன்றாகத் தாங்குவது ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. பிழைத்த மாட்டின் உடலிலும் ஒட்டுண்ணி சிறிதளவு தங்கிவிடுவதால், அது நலமாகத் தெரிந்தாலும் உண்ணிகளுக்குத் தொற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கன்று ஈனும் களைப்பிலோ வேறு நோய் தாக்கும்போதோ நோய் மறுபடி தலைதூக்கவும் கூடும்.

பபேசியாவின் போக்கு வேறு. ஏறத்தாழ ஒன்பது மாதம் வரையிலான கன்றுகளுக்கு அதைத் தாங்கும் இயல்பான வலு உண்டு; அந்த வயதில் லேசாகத் தொற்றி மீண்ட கன்று வளர்ந்த பிறகு பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. உண்ணியே படாமல் வளர்ந்து, சந்தை வழியாக எங்கள் கட்டுத்தரைக்கு வரும் விலையுயர்ந்த சினை மாடுகளே முதல் அடியில் சாய்கின்றன. மாடு வாங்கும் முன் கவனிக்க வேண்டிய இந்த விவரம் பலருக்குத் தெரியவில்லை என்பது எங்களுக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

தைலேரியாவுக்குத் தடுப்பூசி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டிருக்கிறது. ஒட்டுண்ணி குடியேறிய அணுக்களை ஆய்வகத்தில் நெடுநாள் வளர்த்து, வீரியத்தைக் குறைத்து, உயிருடனேயே செலுத்துவது அதன் முறை. கன்றின் டி-செல்களைப் பழக்க அதுவே தக்க வழி. அதைத் திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டியிருப்பது பெரிய தடையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகளும் திரவ நைட்ரஜன் குடுவைகளில்தான் மருந்தகங்களுக்கு வருகின்றன. கலப்பின மாட்டை எங்கள் கட்டுத்தரைக்குக் கொண்டுவந்த அதே குடுவை, அந்த மாட்டைக் காக்கும் தடுப்பூசியையும் கொண்டுவர முடியும் என்று உறுதியாக நம்புகிறோம். உருக்கிய மருந்தை அதிக நேரம் வைத்திருக்க முடியாது என்பதால், முன்கூட்டியே நாள் சொல்லி முகாம் அறிவித்தால் கன்றுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

கேரளத்தில் தைலேரியா ஓரியன்டாலிஸ் என்ற வேறு இனமும் கறவை மாடுகளைப் பாதித்திருக்கிறது. அனுலேட்டாவுக்கான தடுப்பூசி அதற்குப் பயன்படாது. ஆகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணையோடு எங்கள் பகுதி மாடுகளின் ரத்த மாதிரிகளை, ஒட்டுண்ணியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் முறையில் ஆராய்ந்து, எந்த இனம் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டுகிறோம். அது அனுலேட்டா எனத் தெரிந்தால், இரண்டு மாதம் நிறைந்த கலப்பினக் கன்றுகளிலிருந்து தடுப்பூசிப் பணியைத் தொடங்க ஆணையிட வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியே கோமாரிக்கு வீடு தேடி வந்து ஊசி போடப்படுவதை நன்றியுடன் நினைக்கிறோம். அதே அக்கறை இந்நோய்க்கும் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இதற்கிடையில், உண்ணிப் பருவம் தொடங்கும் முன்பே மருந்தகங்களில் நுண்ணோக்கியும் சாயமும் பயன்பாட்டுக்கு வரவும், சிறு உற்பத்தியாளர் தாமே வாங்க இயலாத விலையில் உள்ள பூபர்வகுவோன் ஊசி இலவச இருப்பில் இருக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தைலேரியாவைப் பரப்பும் உண்ணி மாட்டின் மேல் மட்டுமல்லாமல் தொழுவத்துச் சுவர் வெடிப்புகளிலும் பதுங்கி முட்டையிடுவதால், வெடிப்புகளைப் பூசி அடைக்கும் பணியை நாங்களே செய்துகொள்கிறோம். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ஆகிய உண்ணிக்கொல்லி மருந்துகளுக்கு உண்ணிகள் பழகிவிட்டது நாட்டின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டிருப்பதால், எங்கள் பகுதி உண்ணிகளுக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பதைச் சோதித்துச் சொன்னால் வீண் செலவும் பாலில் நஞ்சு கலக்கும் அச்சமும் குறையும்.

ரத்த மாதிரி எடுக்க வரும் குழுவுக்கு மாடுகளைப் பிடித்துக் கட்டித் தரவும், நோய் கண்ட நாள், ஈற்று, வாங்கிய இடம் ஆகிய விவரங்களைக் குறித்துத் தரவும் தயாராக இருக்கிறோம். அடுத்த கோடைக்கு முன் தக்க ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காங்கேயம் வட்டாரக் கலப்பினக் கறவை மாடு வளர்ப்போர்