சீனன்குடாவின் வேவு விமானங்கள்: தமிழ் நூலுக்கும் கண்காட்சிக்கும் நன்கொடை வேண்டுகோள்

திருகோணமலையிலும் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் எம் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை ஜப்பான் விமானங்கள் எங்கள் துறைமுகத்திலும் பக்கத்திலுள்ள சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டது ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வடிவில் தெரியும். எண்ணெய்க் குதத்தில் விமானம் மோதிய கதை, சகாயிங் கப்பல் எரிந்த கதை, சனம் மூட்டைமுடிச்சோடு ஊரை விட்டுப் போன கதை என்று அப்பப்பா, அம்மம்மா வாயால் கேட்டிருப்போம். ஆனால் அந்த விமானங்களைக் கொண்டுவந்த ஜப்பான் கப்பற்படை வருவதை நடுக்கடலில் யார் பார்த்தார்கள், எப்படிச் செய்தி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழில் தேடினால் கைக்கு வருவது சொற்பம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த நூலும், பாடசாலைகளுக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரு படக் கண்காட்சியும்.

எதை எழுதப் போகிறோம் என்று தெரியாமல் யாரும் காசு தரத் தேவையில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

போர் தொடங்க ஒரு மாதம் இருக்கையில், 1939 ஆகஸ்ட் 1 இல், பிரித்தானிய விமானப்படையின் 273 ஆவது அணி சீனன்குடாவில் உருவானது. வில்டபீஸ்ட், சீல் என்ற பழைய இரட்டைச் சிறகு விமானங்கள்தான் அவர்களிடம் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு கரையோரக் கடலைச் சுற்றிப் பார்த்தார்கள். தூரக் கடலுக்கு அவை போதாது. அங்கே போய்வரக் கற்றலீனா என்ற கடல்விமானம் தேவைப்பட்டது. தண்ணீரிலேயே ஏறி இறங்கும். இரண்டு எஞ்சின், நீண்ட சிறகு, மெதுவான ஓட்டம். ஆனால் ஒருமுறை ஏறினால் இருபது மணிநேரத்துக்கு மேல் வானத்தில் நிற்கும். உள்ளே படுக்கையும் சமைக்கச் சிறிய அடுப்பும் உண்டு.

கனடாவின் 413 ஆவது அணி அந்த விமானங்களுடன்தான் இலங்கைக்கு வந்தது. 1941 ஜூலையில் ஸ்கொட்லாந்தில் உருவாகி, குளிர்ந்த வடகடலில் ரோந்து போய்க்கொண்டிருந்தவர்களைத் இலங்கையின் தெற்கில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவிக்கு அனுப்பினார்கள். அந்த அணியின் அதிகாரி ஸ்குவாட்ரன் லீடர் லெனாட் பேர்ச்சல் வந்திறங்கி இரண்டே நாளில், 1942 ஏப்ரல் 4 அன்று, விடியுமுன் ரோந்துக்குப் புறப்பட்டார். மாலை நான்கு மணியளவில், இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைல் தூரத்தில், அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. என்ன கப்பல்கள் என்று நிச்சயப்படுத்த நெருங்கிப் போனார்கள். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை அது, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு. வானொலியில் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். மிச்ச ஆறு பேரும் ஜப்பானியரிடம் கைதிகளாகிப் போர் முடியும்வரை முகாம்களில் கிடந்தார்கள்.

பேர்ச்சலை 'இலங்கையின் இரட்சகர்' என்று எழுதுவது வழக்கம். எங்களுக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழத்தான் செய்தது. டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கத்தான் செய்தன. ஆனால் எதிரி வந்துவிட்டான் என்ற செய்தி முதல்நாளே கிடைத்தது. அந்த ஒரு இரவின் பெறுமதியை எடுத்துச் சொன்னாலே போதும், பட்டம் வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்குரிய பகுதி அதற்குப் பிறகு வருகிறது, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசப்படுகிறது. ஏப்ரல் 8 பின்னேரம் இன்னொரு கற்றலீனா அதே படையை இலங்கைக்குக் கிழக்கே கண்டது. அன்றிரவே திருமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி. அதன் விமானங்களோ கரையில் சீனன்குடாவிலேயே நின்றுவிட்டன. விடிந்ததும் 413 ஆவது அணியின் ரே தோமஸ் ஓட்டிய கற்றலீனா மீண்டும் ஜப்பான் படையைக் கண்டுபிடித்தது. அதையும் சுட்டு வீழ்த்தினார்கள், ஒருவரும் தப்பவில்லை. வேவு பார்ப்பது இரு பக்கத்துக்கும் பொது அல்லவா. தெற்கே ஓடிய ஹெர்மிஸை ஜப்பானின் வேவு விமானமொன்று கண்டுவிட, மட்டக்களப்புக்கு அப்பால் அதை மூழ்கடித்தார்கள். 307 பேர் மாண்டார்கள். பக்கத்தில் வந்த வீட்டா என்ற வைத்தியக் கப்பல் சுமார் அறுநூறு பேரைத் தூக்கி எடுத்தது.

போரின் பிற்காலத்தில் கமராவோடு வந்தது பிரித்தானிய விமானப்படையின் 684 ஆவது அணி. மரத்தால் செய்த மொஸ்கிட்டோ விமானங்கள். துப்பாக்கி இல்லை, வேகமும் உயரமும்தான் பாதுகாப்பு. அதன் ஒரு பிரிவு சீனன்குடாவிலிருந்து கடலைத் தாண்டிப் பறந்து நிக்கோபார், சுமத்திரா பக்கம் படம் பிடித்தது. ஒன்றையொன்று சற்றே மூடும்படி எடுத்த இரண்டு படங்களை விசேட கண்ணாடியால் பார்த்தால் நிலம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். கண்காட்சிக்கு வரும் பிள்ளைகள் இதைக் கையால் செய்து பார்க்க ஒரு மேசை வைக்க விரும்புகிறோம்.

"வெள்ளைக்காரன்ர படைக்கு நாங்கள் ஏன் காசு குடுக்க வேணும்?" என்று கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. விமானச் சத்தம் கேட்டாலே பதுங்குகுழியைத் தேடி வளர்ந்த சனம் நாங்கள். போர் விமானத்துக்குப் புகழ்மாலை சூட்ட எங்களுக்கும் மனமில்லை. இந்த நூலில் துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கும், குதங்களில் கூலிக்கு நின்றவர்களுக்கும், ஊரை விட்டு ஓடியவர்களுக்கும் பாதி இடம் இருக்கும். அந்த நாளைப் பிள்ளைகளாகக் கண்டவர்கள் இப்போது தொண்ணூறைத் தொடுகிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே ஒலிப்பதிவு செய்யாவிட்டால் அப்புறம் எப்போது?

இனிச் செலவு. விமான அணிகளின் நாளாந்தப் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்கு ஏறியது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. பிரதி எடுக்கவும், படங்களை அச்சிட உரிமை பெறவும் கட்டணம் கட்டவேண்டும். இதற்கு இரண்டு இலட்சம் ரூபாவும், ஐந்நூறு பிரதி அச்சிட நான்கு இலட்சமும், படப் பலகைகளுக்கும் ஒலிப்பதிவுக்கும் மூன்று இலட்சமும் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். எழுதுபவர்களுக்கும் தொகுப்பவர்களுக்கும் சம்பளம் இல்லை.

ஐந்நூறு ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. செயற்குழு உறுப்பினர்களிடம் நேரில் கொடுக்கலாம், அல்லது அவர்களிடம் வங்கிக் கணக்கு விபரம் பெற்று அனுப்பலாம். தெருவில் யாரும் உண்டியலோடு வந்தால் அது நாங்கள் இல்லை. வரவுசெலவு முழுவதும் நூல் வெளியீட்டன்று வாசிக்கப்படும். மிச்சம் வந்தால் நூலின் பிரதிகள் மாவட்டப் பாடசாலை நூலகங்களுக்கு இலவசமாகப் போகும்.

காசு தர வசதியில்லாதவர்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். துறைமுக அடையாள அட்டை, பழைய படம், கூப்பன் புத்தகம், கடிதம் எதுவானாலும் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னாலேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தருவோம். நன்கொடையாளர் பெயர்கள் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும். பெயர் வேண்டாம் என்பவர்கள் தைப்பொங்கலுக்கு முன் சொல்லிவிடுங்கள், அதன் பிறகு பக்கம் அச்சகத்துக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
நூல் மற்றும் கண்காட்சிச் செயற்குழுவினர்,
திருகோணமலை