காணும் பொங்கலுக்கு மறுநாள் கடற்கரைத் துப்புரவு

அனைவருக்கும் வணக்கம்.

ஜனவரி 18, ஞாயிறு காலை 5.45 மணிக்கு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே கூடுகிறோம். 8 மணிக்குள் முடித்துவிடலாம்.

காணும் பொங்கல் கூட்டம் விட்டுச்சென்ற குப்பையை அலை வாருவதற்குள் நாம் வாரியாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சென்ற ஆண்டு நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே பொறுக்கியவை: 43 பாட்டில் மூடிகள், சுண்டல் ஒட்டிய பிளாஸ்டிக் கரண்டிகள், ஒற்றைக் குழந்தைச் செருப்பு.

1. கையுறை, தொப்பி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். (பிளாஸ்டிக் பாட்டிலோடு துப்புரவுக்கு வந்தவர்களை மறக்கவில்லை!)
2. குப்பைக்குப் பழைய அரிசிச் சாக்கு. கறுப்புப் பாலித்தீன் பை வேண்டாம்.
3. சின்னதை முதலில் எடுங்கள்: மூடி, ஸ்ட்ரா, மிட்டாய் உறை. பெரிய பாட்டிலை யாராவது காயலான் கடைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெயிலில் நொறுங்கிய துணுக்கைத்தான் மீன் இரையென்று விழுங்குகிறது.
4. மீனவர் வலைகளைக் கேட்காமல் தொட வேண்டாம். காய வைத்ததாக இருக்கலாம்.
5. இது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) முட்டையிடும் பருவம். மணலில் ஆமைத் தடம் தெரிந்தால் மிதிக்காமல், தோண்டாமல் என்னைக் கூப்பிடுங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் வருகிறீர்களா, வாழ்த்துகிறீர்களா என்று புரியவில்லை.

செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்