காசிப் பயணம்: விமான நிலையச் சோதனைக்கு முன்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு (15ஆம் தேதி) காலை 9:10க்கு விமானம். சென்னை உள்நாட்டு முனைய வாசலில் 6:30க்கு இருங்கள். 8:10க்கு லக்கேஜ் கவுன்டர் மூடிவிடும்.

1. அசல் ஆதார் கட்டாயம். டிக்கெட்டில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா என்று இன்றே பாருங்கள்.

2. கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரை எந்தப் பையிலும் வேண்டாம். எல்லாமே தீப்பற்றக்கூடியவை, கொப்பரையில் எண்ணெய் அதிகம். பூஜைச் சாமான்கள் காசியிலேயே தாராளமாகக் கிடைக்கும்.

3. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பெரிய பெட்டியில் போட்டால் ஸ்கேனில் தெரிந்து, உங்களைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். அதற்குள் நேரம் போய்விடும். ஊறுகாய், கத்தரிக்கோல் பெரிய பெட்டியில்.

4. போன், சாவி, சில்லறை, பெல்ட் ட்ரேயில்.

5. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சோதனைக்கு முன்பே காவலரிடம் சொல்லிவிடுங்கள்.

வீல்சேர் தேவைப்படுவோர் வியாழன் இரவு 8 மணிக்குள் பெயரைப் பதிவிடுங்கள். மற்றவர்கள் 'படித்தேன்' என்று பதில் போடவும்.