மூன்றாவது டவுனில் எழுந்து நிற்கிறவர்கள்

கொலம்பஸ், ஒஹாயோ
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் மனசு நிம்மதியாயிற்று. லதாவிடமும் வாசித்துக் காட்டினேன். ஃபோனில் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் நீ ஆறு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கும்போது நானும் எழுதுவதுதான் முறை என்று பட்டது.

இங்கே எல்லோரும் சுகம். லதா வேலை மாறிவிட்டாள், இப்போது வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். கவின் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான். போன வருஷம் சொன்னேனே, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கார்னர்பேக்காக, பந்தைப் பிடிக்க ஓடுகிற எதிரணி ஆளைத் தடுக்கிறவனாக, ஆடுகிறான் என்று. இந்த வருஷம் பெரிய அணியிலேயே இடம் கிடைத்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் நாலாம் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். 'கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்ஸ் காலம் முடிந்துபோச்சு. இனிமேல் யார் அதிகப் புள்ளி அடிக்கிறானோ அவன் ஜெயிப்பான், அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. தடுத்து ஆடுகிற ஒரு பையனுக்கு அப்பா என்பதால் சொல்லவில்லை. நீயும் நானும் இருபது வருஷமாகப் பார்த்து வந்த ஆட்டங்களை வைத்தே சொல்கிறேன்.

2016 அக்டோபர் 22 ராத்திரி நீ லப்பக்கிலிருந்து கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? டாலஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய், நீ படித்த டெக்சஸ் டெக்கின் ஆட்டத்தை நேரில் பார்த்துவிட்டுப் பேசினாய். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஓக்லஹோமா 66, டெக் 59. டெக்கின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற பாட்ரிக் மஹோம்ஸ், எறிந்தே 734 யார்டு எடுத்தார். எதிரணியில் பேக்கர் மேஃபீல்டு எறிந்ததில் ஏழு முறை பந்து கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆனது. இரண்டு அணியும் ஆளுக்கு 854 யார்டு, ஒரு யார்டுகூட வித்தியாசம் இல்லை. 'இப்படி ஒரு ஆட்டத்தை இனி ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை' என்றாய். உண்மைதான்.

ஆனால் அந்த வருஷம் டெக் எப்படி முடித்தது என்று யோசித்துப் பார். ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. மஹோம்ஸ் மாதிரி ஒரு குவாட்டர்பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சீசன் முடிவில் தேறிய அணிகள் ஆடும் ஒரு பௌல் ஆட்டத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அவர் நாற்பது, ஐம்பது என்று எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, மறுபக்கம் ஓட்டைக் குடத்தில் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது.

அன்றைக்கு ஜெயித்த ஓக்லஹோமா கதையும் அதேதான். 2017, 2018, 2019 என்று மூன்று வருஷம் தொடர்ந்து, சாம்பியனைத் தீர்மானிக்கிற பிளேஆஃப் சுற்றின் அரையிறுதி. மேஃபீல்டுக்குச் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது ஒன்று, அடுத்த வருஷமே கைலர் மர்ரிக்கு இன்னொன்று. மூன்று அரையிறுதியிலும் தோல்வி. எதிரணிகளுக்கு விட்டுக் கொடுத்த புள்ளிகள் 54, 45, 63. ஜார்ஜியாவுக்கு எதிராக 48 எடுத்தும் தோற்ற அந்த ரோஸ் பௌல் அரையிறுதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பையன்கள்மேல் பரிதாபம் வருகிறது.

நீ சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2011 நவம்பரில் எல்.எஸ்.யூ.வும் (லூசியானா ஸ்டேட்) அலபாமாவும் மோதியபோது நாம் இரண்டு பேரும் என் பழைய அபார்ட்மெண்டில் உட்கார்ந்து பார்த்தோமே. கூடுதல் நேரம் வரை போய் 9க்கு 6. ஒரு டச்டவுன் கிடையாது. மூன்றாவது குவார்ட்டரில் நீ தூங்கிவிட்டாய், நான் ஒவ்வொரு யார்டுக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஆட்டம் இனி வராது. அந்தக் காலம் போய்விட்டது.

போனதற்குக் காரணமும் இருக்கிறது. ஹடில் போடாமல், அதாவது நடுவில் கூடித் திட்டம் பேசாமல், அடுத்தடுத்து வேகமாக ஆடுவதால், களைத்த ஆளை மாற்றக்கூட எதிரணிக்கு நேரம் கிடைப்பதில்லை. அப்புறம் இந்த ஆர்.பி.ஓ., ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் முடிவு செய்கிற ஆட்டம். குவாட்டர்பேக் ஒரே ஒரு தடுப்பாளனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவன் முன்னால் வந்தால் அவன் தலைக்குப் பின்னால் எறிவார், பின்னால் போனால் பந்தை ஓடுகிறவன் கையில் வைப்பார். எந்தப் பக்கம் போனாலும் அவன் மாட்டிக்கொள்வான். தொழில்முறை ஆட்டத்தில், பந்து எறியப்படும் முன் முன்வரிசை லைன்மேன்கள் ஒரு யார்டுக்கு மேல் முன்னேறக் கூடாது, கல்லூரியில் மூன்று யார்டு வரை போகலாம். அந்த இரண்டு யார்டில்தான் முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கிற லைன்பேக்கர் ஏமாறுகிறான். 2013-லிருந்து தலையைக் குறிவைத்து மோதினால் ஆளையே வெளியேற்றுகிறார்கள். அந்த விதியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன், என் பையனும் களத்தில் நிற்கிறான். ஆனாலும் தடுக்கிறவன் முன்பு போல அடித்துப் பயமுறுத்த முடியாது என்பது நிஜம்.

அலபாமா பயிற்சியாளராக இருந்த நிக் சேபனே இதை ஒப்புக்கொண்டவர்தான். வாழ்நாள் முழுக்கத் தடுப்பாட்டத்தைச் சொல்லிக்கொடுத்த மனிதர். 2020 அக்டோபரில் ஓல் மிஸ்ஸுக்கு எதிராக 63க்கு 48 என்று ஜெயித்தார். நல்ல டிஃபென்ஸ் நல்ல அஃபென்ஸை ஜெயிப்பது முந்தைய காலம், இப்போது அப்படி இல்லை என்று அதே சீசனில் அவர் வாயாலேயே சொன்னார். அந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டை 52க்கு 24 என்று நசுக்கினார்கள். அலபாமாவின் டெவான்டா ஸ்மித் முதல் பாதியிலேயே மூன்று டச்டவுன் பிடித்தார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு முந்தைய வருஷம் ஜோ பர்ரோவின் எல்.எஸ்.யூ. உன்னுடைய பெரிய ஆதாரமே அந்த அணிதான். 60 டச்டவுன் எறிந்தார், 15 ஆட்டமும் வெற்றி. ஆனால் அந்த சீசனின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பார். நவம்பர் நடுவில் ஓல் மிஸ்ஸுக்கு 37 புள்ளி விட்ட அணி, மாதக் கடைசியில் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு 7, கான்ஃபரன்ஸ் என்கிற அணிக் குழுவின் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவுக்கு 10 மட்டும் விட்டது. பர்ரோவின் பெயருக்குப் பின்னால் அது மறைந்துபோய்விட்டது.

நீ 2020-ஓடு நின்றுவிட்டாய், சேகர். அதற்குப் பிறகு நடந்ததைப் பார். கடைசி நாலு சீசனில் சாம்பியன் ஆன அணிகளில் மூன்று, அந்தந்த வருஷம் நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி விட்டவை. 2021 ஜார்ஜியா, ஆட்டத்துக்குச் சராசரி 10.2. 2023 மிச்சிகன், 10.4. போன வருஷம் எங்கள் ஒஹாயோ ஸ்டேட், 12.9. அந்த ஜார்ஜியா அணியின் டிஃபென்ஸிலிருந்து மட்டும் ஐந்து பேர் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள்.

பரம எதிரியான மிச்சிகனைப் பாராட்டிப் பேச கொலம்பஸில் யாருக்கும் நாக்கு எழாது. எனக்கும் கஷ்டம்தான், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். வாஷிங்டனின் குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் அரையிறுதியில் டெக்சஸுக்கு எதிராக 430 யார்டு எறிந்துவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்தவர். மிச்சிகன் அவரை 255 யார்டில் நிறுத்தி, இரண்டு தடவை பந்தைப் பறித்து, 34க்கு 13 என்று முடித்தது. எப்படி என்று கவினும் நானும் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பந்து எடுப்பதற்கு முன் ஐந்தாறு பேர் கோட்டில் வந்து நிற்பார்கள், எல்லோரும் பாயப் போகிறார்கள் என்று தோன்றும். எடுத்த மறு நொடி அதில் இரண்டு பேர் பின்வாங்கிவிடுவார்கள். எதிர்பாராத இடத்திலிருந்து இன்னொருவன் வருவான். பாய்வது என்னவோ நாலு பேர்தான், ஆனால் எந்த நாலு பேர் என்று குவாட்டர்பேக்குக்குத் தெரியாது. அவர் யோசிக்கிற அந்த அரை நொடியில் ஆட்டம் கை மாறிவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். முன்பெல்லாம் நல்ல டிஃபென்ஸ் என்றால் எதிரணியை ஆட்டம் முழுக்க நகரவிடாமல் கட்டிப்போடுவது. இப்போது அது நடக்காது. நானூறு யார்டு போகட்டும், இருபது புள்ளி எடுக்கட்டும். ஆனால் ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு இடம் வரும். மூன்றாவது டவுன் (நாலு வாய்ப்பில் மூன்றாவது), கோல் கோட்டுக்கு எட்டு யார்டு, நாலாவது குவார்ட்டர். அந்த ஐந்தாறு இடத்தில் தடுக்கிறவன்தான் கோப்பையைத் தீர்மானிக்கிறான்.

ஜனவரி 10-ஆம் தேதி ஆர்லிங்டனில், டெக்சஸுக்கு எதிரான அரையிறுதியில் நடந்ததைவிட இதற்கு வேறு சாட்சி வேண்டுமா? உன் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற அரங்கம். நாங்கள் 21, டெக்சஸ் 14, அவர்கள் கையில் பந்து, கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு. நாலு வாய்ப்பு இருக்கிறது. லதா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். முதல் டவுனில் ஒன்றும் நகரவில்லை. இரண்டாவதில் பந்தை ஓரமாகத் தூக்கிப் போட்டார்கள், எங்கள் ஆட்கள் உள்ளே புகுந்து ஏழு யார்டு பின்னால் தள்ளினார்கள். மூன்றாவது, எறிந்த பந்து யார் கையிலும் விழவில்லை. நாலாவதில் எங்கள் ஜாக் சாயர் ஓரத்திலிருந்து சுற்றி வந்து டெக்சஸ் குவாட்டர்பேக் குவின் யூவர்ஸின் கையிலிருந்தே பந்தைத் தட்டிவிட்டான். பந்து தரையில் குதித்து அவன் கைக்கே வந்தது. 83 யார்டு ஓடினான். அவ்வளவு பெரிய உடம்பு, கடைசி இருபது யார்டில் கால் கனத்துப் போனது டி.வி.யிலேயே தெரிந்தது. அவன் கொலம்பஸ் பக்கத்து பிக்கரிங்டன் ஊர்ப் பையன். அவனும் யூவர்ஸும் 2021-ல் இங்கே ஒரே அறையில் தங்கியவர்கள் என்று கேட்டபோது நம் ஹாஸ்டல் ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்று. சாயரும் அவனோடு ஆடிய டுயிமொலோவ், டைலீக் வில்லியம்ஸ், டென்சல் பர்க் எல்லோரும் ஒரு வருஷம் முன்பே தொழில்முறைக்குப் போயிருக்கலாம். 2021-லிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனதால் இருந்துவிட்டார்கள். இந்தப் பணம் வந்ததும் கல்லூரி ஆட்டம் கெட்டது என்று நீ எழுதியிருக்கிறாய். ஆனால் நாலு வருஷம் சேர்ந்து ஆடிய ஒரு தடுப்பு வரிசை எங்களுக்குக் கிடைத்ததே அதனால்தான்.

தடுத்தாலே போதும் என்று நான் சொல்லவில்லை. அயோவா அணி இருக்கிறது. 2022-ல் ஒரு ஆட்டத்தை 7க்கு 3 என்று ஜெயித்தார்கள், அந்த ஏழில் டச்டவுனே இல்லை, உதைத்து எடுத்த ஒரு ஃபீல்டு கோலும், எதிரணியை அதன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி எடுத்த இரண்டு சேஃப்டியும்தான். அடுத்த வருஷம் பத்து ஆட்டம் ஜெயித்து கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போய் மிச்சிகனிடம் 26க்கு பூஜ்யம் என்று தோற்றார்கள். அவர்களுடைய தடுப்பாளர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது, அவ்வளவு நன்றாக ஆடிவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். ஏன், போன நவம்பரில் நாங்களே மிச்சிகனுக்கு 13தான் விட்டோம். எடுத்தது 10.

எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டின் லாட வடிவ அரங்கத்தில் நீ ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை அல்லவா. ஒரு லட்சம் பேருக்கு மேல் பிடிக்கும். எங்கள் அணி பந்தை வைத்திருக்கும்போது கூட்டம் அடங்கியிருக்கும், குவாட்டர்பேக்கின் குரல் அவன் ஆட்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. எதிரணிக்கு மூன்றாவது டவுன் வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். காலடியில் கான்கிரீட் அதிர்வது செருப்பு வழியாகத் தெரியும். பார்க்க வந்தவன் ஆட்டத்தில் கை வைக்க முடிகிற ஒரே நேரம் அதுதான், அதுவும் தடுப்பவர்களுக்காக. இதைப் பார்த்த பிறகு டிஃபென்ஸ் செத்துப்போச்சு என்று யாராலும் எழுத முடியாது.

கவினிடம் கோச் சொல்லிக்கொடுத்ததை அவன் எனக்குக் கொல்லைப்புறத்தில் செய்து காட்டினான். 'அப்பா, கண்ணையும் தோளையும் பார்க்கக் கூடாது, ஏமாற்றிவிடுவான். இடுப்பைப் பார்க்கணும். இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான்.' நம் ஊர்க் கபடியில் பாடி வருகிறவனின் காலையே பார்த்துக்கொண்டு நிற்பாயே நீ, அதுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் முழுக்க நான் பந்து பிடிக்கிற ரிசீவர் மாதிரி ஓட, அவன் பின்னாலேயே குதிகாலில் எடை விழாமல் நகர்ந்துகொண்டிருந்தான். ஒரு பந்துகூட என் கைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 30 சனிக்கிழமை டெக்சஸ் இங்கே வருகிறது, முதல் ஆட்டமே அதுதான். தடுப்பைக் கவனித்த ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார், மேட் பட்ரீசியா வந்திருக்கிறார், புது ஆட்கள் நிறையப் பேர். எப்படி இருக்குமோ தெரியாது. என்னிடம் இரண்டு டிக்கெட் இருக்கிறது. கவினுக்கு அன்று காலை பயிற்சி, அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கு. அன்று ராத்திரி கவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அரங்கத்துக்குப் போகலாம். அம்மாவைத் தனியாக விட்டு வர யோசனையாக இருந்தால் அவர்களையும் அழைத்து வா, லதா வீட்டில்தான் இருப்பாள்.

விமான நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்.

உன்,
குமரேசன்