என் மகள் குளிக்காத பிள்ளை இல்லை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம். நான்காம் வகுப்பில் என் மகளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்ததும், "குளிச்சிட்டுத்தான் வர்றியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டதும் உங்களுக்குத் தெரியும். அன்றே நேரில் வந்து சொன்னேன். "பார்க்கலாம்" என்றீர்கள். இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அவளுக்கு வந்தது சிரங்கு, தோலுக்குள் குடையும் ஒரு சின்னப் பூச்சியால் வருவது. இரவில் விளக்கை அணைத்தால்தான் அவளுக்கு அரிப்பு கூடும். தூங்கிக்கொண்டே சொறிவாள், பாயில் நகம் உரசும் சத்தம் கேட்கும். கைகளில் பள்ளி சாக்ஸை மாட்டிவிட்டேன். காலையில் அதில் ரத்தக் கறை. சென்னைப் புழுக்கம், வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். மெடிக்கலில் கொடுத்த ட்யூபைத் தடவினேன். நாலு நாள் அடங்கி, அப்புறம் இரண்டு மடங்காக வந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அது பூச்சியைக் கொல்லாது, அடையாளத்தைத்தான் மறைக்கும்.

அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவர் அவள் விரல் இடுக்கை விளக்கடியில் காட்டினார். பென்சிலால் லேசாகக் கீறியது போல ஒரு சின்ன வளைந்த கோடு. சிரங்குப் பூச்சி தோலுக்குள் குடைந்துபோன வழி. இரவில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றிச் சின்னக் கொப்புளங்கள், கூட இருப்பவருக்கும் அரிப்பு. இதெல்லாம் சேர்ந்தால் சிரங்கா என்று பார்க்க வேண்டும் என்றார். "வீட்டில் வேறு யாருக்காவது?" என்று கேட்டபோது நான் என் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் நாலு பேரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவினோம், ஒரு வாரம் கழித்து மறுபடியும். துவைக்கத் தண்ணீர் போதாத துணிகளைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வைத்தோம். சரியானது. அடுத்த மாதமே புதுக் கோடுகள். பக்கத்தில் உட்காரும் பிள்ளை இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறாள்.

முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அதனால்தான் கேட்கிறேன்: ஒருத்தியை ஒதுக்காதீர்கள், வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள்.

இது குளித்துப் போகும் நோய் இல்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெரு எங்களுடையது. அதிலும் தினமும் குளிப்பாட்டித்தான் அனுப்புகிறேன். ஒரே அறையில் நாலு பேர் ஒட்டிப் படுக்கிறோம். அது ஒன்பது வயதுப் பிள்ளையின் குற்றமா? 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிப்பு என்றால் என்னவென்று கடைசி பெஞ்சில் பார்த்துவிட்டோம்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். யார் பெயரும் போடாமல், அறிகுறிகளை எழுதி ஒரு துண்டுச்சீட்டு, எல்லாப் பிள்ளைகளின் பையிலும் ஒரே நாளில் போக வேண்டும். ஆசிரியர்களுக்கு அந்தக் கோட்டை அடையாளம் காணச் சொல்லிக்கொடுங்கள். ஓர் இரவு மருந்து தடவிய பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் மறுபடியும் தடவிவிட்டோம். திங்கட்கிழமை அவளைப் பழைய இடத்திலேயே உட்கார வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்