ரச்சப்புக்கு முன் பழைய வாக்ஸை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தும் புதுக் காரின் விலை எங்கள் பக்கத்துச் சனத்துக்கு எட்டுகிறதாக இல்லை. அதனால் வன்னியில் பழைய காரையே பார்த்துப் பார்த்து ஓடுகிறோம். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல்தான். பொனற்றிலும் கதவின் அடிப்பக்கத்திலும் கல்லடி படாத கார் குறைவு. அடிபட்ட இடத்துக்கு மட்டும் பெயின்ற் அடிக்கும் ரச்சப் வேலை கராஜ்களில் ஓயாமல் நடக்கிறது. பெயின்ற் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும்.

அடித்த இடத்தில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுந்தாலும், சில மாதத்தில் உரிந்து வந்தாலும் உடனே பெயின்றைத்தான் திட்டுகிறோம். அநேகமாக, மினுக்கத்துக்குப் பூசி அடியில் கிடக்கும் பழைய வாக்ஸ்தான் காரணம். வாக்ஸிலும் பொலிஷிலும் கலந்திருக்கும் சிலிக்கோனில் பெயின்ற் பிடிக்காது, விலகி ஓடும். ரயருக்கு அடிக்கிற மினுக்கு ஸ்பிரேயிலும் அது உண்டு.

கழுவின கையோடு சாண்ட் பேப்பர் பிடிப்பதுதான் இதில் பெரிய பிழை. தேய்க்கத் தேய்க்க வாக்ஸ் கீறல்களுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுப்பது கஷ்டம். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிக் காயவிடுங்கள். பிறகு பெயின்ற் கடையில் விற்கும் வாக்ஸ் ரிமூவரைத் துணியில் நனைத்துச் சின்ன இடமாகத் துடைத்து, அது காய முன்னரே வேறு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் வாக்ஸ் இடம் மாறுமே தவிரப் போகாது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் இன்னும் இருக்கிறது, பரவிப் படிந்தால் சரி. சாண்ட் பேப்பர் போட்ட பிறகும் ஒரு தடவை துடைத்துவிட்டு, அந்த இடத்தில் வெறுங்கை வைக்காதீர்கள்.

மலிவு என்று பெற்றோலோ மண்ணெண்ணெயோ போட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச் செல்லும், தீப்பிடிக்கும் பயம் வேறு. தின்னர் இன்னும் மோசம். முன்பு மீள அடித்த பெயின்றாக இருந்தால் அதையே கரைத்துவிடும்.

கராஜ்காரர்கள் இதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். காரைக் கொண்டுவருகிறவர்களும் அவசரப்படுத்தாமல், முன்பு என்ன வாக்ஸ் போட்டது, பெயின்றைத் தேய்த்து மினுக்கும் கட் அண்ட் பொலிஷ் செய்ததா என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு வேலை இலகு. புதுப் பெயின்ற் மேல் ஒரு மாதமாவது வாக்ஸ் பூசாமல் விடுங்கள்.

பெயின்ற் வேலையாள் ஒருவர்,
பரந்தன்.