ஸ்டீம் டெக் 2: வாட்டைக் கூட்டாதீர்கள்

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் வன்பொருள் குழுவினருக்கு,

வணக்கம். கையில் பிடித்து விளையாடும் உங்கள் கேமிங் கணினியான டெக்கின் அடுத்த மாடல் எப்போது வரும் என்று நச்சரிக்க இதை எழுதவில்லை. பேட்டரியைப் பலி கொடுக்காமல் பெரிய முன்னேற்றம் தரும் சிப் கிடைக்கும்வரை காத்திருப்போம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரி, நாங்களும் காத்திருக்கிறோம். அந்தச் சிப் கைக்கு வந்ததும் அதன் பலத்தை எதில் செலவழிப்பீர்கள் என்பதுதான் என் கவலை.

2022இல் வந்த முதல் டெக்கின் சிப் 4 முதல் 15 வாட் மின்சாரத்துக்குள் ஓடியது. திரை 1280×800, அதாவது சுமார் 10 லட்சம் பிக்சல்கள். போட்டியாளர்களைப் பார்த்து 1920×1200க்குத் தாவினால் 23 லட்சம். கையெட்டும் தூரத்தில் பிடித்து விளையாடும் ஏழு அங்குலத் திரையில் இந்த இரண்டேகால் மடங்கு வேலைக்குக் கிடைப்பது என்ன? எழுத்துகள் கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். புதுச் சிப்பின் பலமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 மட்டும் 1080பி (1920×1080) போகவில்லையா என்றால், அதற்கு டிஎல்எஸ்எஸ் கைகொடுக்கிறது. குறைந்த பிக்சலில் வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் (அப்ஸ்கேலிங்) என்விடியா நுட்பம் அது. உங்கள் சிப்பிலும் அந்தத் தரத்தில் அப்ஸ்கேலிங் ஓடட்டும், அப்புறம் திரையைப் பற்றிப் பேசலாம். அதுவரை 1280×800 போதும். விஆர்ஆர் மட்டும், அதாவது கேமின் வேகத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வேகமும் மாறும் வசதி மட்டும் சேருங்கள். நொடிக்கு 47, 52 என்று ஃபிரேம் எண்ணிக்கை தடுமாறும்போது கண்ணுக்கு உதவுவது அதுதான்.

அடுத்தது வெயில். 2022 ஜூலையில் ஐரோப்பா கொதித்தபோது, சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால்தான் டெக் நன்றாக இயங்கும் என்று அறிவித்தீர்கள். சென்னையில் கத்திரி வெயிலில் 40 டிகிரி சர்வ சாதாரணம். (இந்தியாவில் டெக்கை நீங்கள் நேரடியாக விற்பதில்லை என்பது தனிக் கதை. எப்படியோ வரவழைத்துக்கொள்கிறோம்.) ஏசி இல்லாத அறையில் மதிய நேரத்தில் ஒரு பெரிய கேமை ஓட்டிப் பாருங்கள். ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். மேல்விளிம்புத் துளையில் விரல் வைத்தால் ஹேர் டிரையர் காற்றுதான். சிப் 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே 30 வாட் சிப் இருந்து என்ன பயன்? சூடும் சத்தமும்தான் கூடும்.

2023இல் வந்த ஓஎல்ஈடி மாடலில் நீங்கள் செய்ததே எனக்குப் பிடித்த வழி. முன்பைவிடக் குறைவாக மின்சாரம் தின்னும் 6 நானோமீட்டர் சிப், 40க்குப் பதில் 50 வாட்-ஹவர் பேட்டரி, அப்படியும் எடை 669 கிராமிலிருந்து 640க்கு இறங்கியது. வேகம் பெரிதாகக் கூடவில்லையே என்று பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) பிரியர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பேருந்தில் விளையாடுகிறவர்கள் பிதுக்கவில்லை.

கேரக்டரை நகர்த்தும் ஸ்டிக்கில் இனியும் தேய்கிற பொடென்ஷியோமீட்டர் (உரசி நகர்வை அளக்கும் பாகம்) வேண்டாம். உள்ளே தடம் தேய்ந்தால், தொடாமலே கேரக்டர் நடக்க ஆரம்பித்துவிடும். உரசாமல் காந்தத்தால் நகர்வை அளக்கும் டிஎம்ஆர் சென்சார் போடுங்கள். மவுஸ் போலப் பயன்படும் டிராக்பேடிலும் பின்பக்கப் பொத்தான்களிலும் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, பேட்டரி. ஸ்டிக்கை மாற்ற ஸ்க்ரூ டிரைவர் போதும் என்று செய்த நீங்கள், முதல் டெக்கின் பேட்டரியை மட்டும் அப்படியொரு பசை போட்டு ஒட்டியது ஏன்? பல ஃபோன்களில் இருப்பதுபோல இழுத்தால் உரிந்து வரும் பட்டை வையுங்கள். நாலு வருடம் கழித்து அதை மாற்றப்போவது தெருமுனை செல்ஃபோன் கடைக்காரர்தான்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு டெக் பயனர்